ஐயமறக் கற்றவர்

நுழையும்முன்

பாடநூலின் ஒரு பக்கத்தைப் பத்துமுறை படித்து மனத்தில் இருத்திய மாணவர், வினா சற்றே மாறி வந்தால் திகைத்து நிற்பதுண்டு. இயற்பியலில் இத்திகைப்பு மிகுதி. சூத்திரம் நினைவில் இருக்கும். அது எந்த நிகழ்விலிருந்து பிறந்தது என்பது நினைவில் இராது. இயற்பியலை எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றார் தமிழ்மண்ணில் பிறந்த அறிவியலாளர் ஒருவர். அவர் கற்ற முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பட்டறையும் ஆய்வகமும்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் பொழுது விடியும்போதே தொழிற்பேட்டையின் இயந்திர ஒலி எழத் தொடங்கிவிடும். அங்குள்ள பட்டறைகளில் கடைசல் இயந்திரத்தில் உருவான இரும்புத் துண்டைத் தொழிலாளர் வெர்னியர் அளவியால் அளப்பர். கம்பியின் தடிமனைத் திருகு அளவியால் காண்பர். பதினொன்றாம் வகுப்பு மாணவரின் கையில் தரப்படும் கருவிகளும் இவையே. பட்டறையில் அளவு தவறினால் உறுப்பு பொருந்தாது. எனவே தொழிலாளர் மீண்டும் அளப்பார். ஆய்வகத்திலோ, வரவேண்டிய விடை முன்னரே தெரிந்திருப்பதால், அளவீட்டை அதற்கேற்ப எழுதிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கருவி ஒன்றே, கற்கும் மனம் வேறு.

மூக்கண்டப்பள்ளியிலிருந்து நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் பெங்களூரு நகரம் வரும். கருவி காட்டுவதை அப்படியே நம்பி, அது எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் மகிழ்ந்து, காரணம் தேடிய ஒருவர் தம் வாழ்வின் இறுதி 37 ஆண்டுகளை அந்நகரில்தான் கழித்தார். அவரே சர் சி. வி. இராமன்.

தந்தையின் நூல்கள்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணியேற்று விசாகப்பட்டினம் சென்றதால், இராமனின் இளமைக்காலம் அக்கடற்கரை நகரில் கழிந்தது. வீட்டில் செல்வம் மிகுதியாக இல்லை. நூல்கள் மிகுதியாக இருந்தன. தந்தையார் வயலின் இசைப்பதில் ஈடுபாடு உடையவர். அந்நரம்புகளின் அதிர்வு சிறுவனின் செவியில் பதிந்தது.

பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய இராமன், பள்ளிப்பாடத்தோடு நின்றுவிடவில்லை. யூக்ளிடின் வடிவியல் நூல் அவருக்கு ஒழுங்காகச் சிந்திக்கும் முறையைக் கற்பித்தது. ஒரு கூற்றை அடுத்த கூற்றோடு பிணைத்து, இடையில் ஒரு படியும் விடுபடாமல் முடிவுக்கு வரும் நெறி அது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் ஒலியைப் பற்றி எழுதிய நூல், கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் அளந்தறிய முடியும் என்று உணர்த்தியது. எட்வின் அர்னால்டு இயற்றிய புத்தர் வரலாறு, உண்மையைத் தேடிப் புறப்பட்டவர் பெறும் துன்பத்தையும் துணிவையும் காட்டியது. தம்மை உருவாக்கியவையாக இம்மூன்று நூல்களையும் இராமன் பிற்காலத்தில் போற்றினார். பல நூல்களை மேலோட்டமாகப் புரட்டுவதைக் காட்டிலும், சில நூல்களை அடியாழம் வரை கற்பது அவர் இயல்பாக இருந்தது.

எதிர்பாராத கோடுகள்

இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904ஆம் ஆண்டு இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்று, இயற்பியலுக்கான பொற்பதக்கத்தையும் வென்றார். முதுகலை பயின்றபோது பேராசிரியர் ஜோன்ஸ் அவருக்கு ஆய்வகத்தில் முழு உரிமை அளித்தார். அவ்வுரிமையை இராமன் பயன்படுத்திய விதம் கருதத்தக்கது.

நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் செய்முறை இன்றும் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு அறிமுகமானதே. கோணத்தை அளந்து குறித்ததும் பலர் கருவியை விட்டு எழுந்துவிடுவர். இராமன் எழவில்லை. பட்டகத்தின் முகப்பில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது, விளிம்பு விளைவால் தோன்றும் ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே சீராக இல்லாததை அவர் கண்டார். நூல்கள் விளக்கியது சீரான பட்டைகளையே. இங்கே மூன்று வழிகள் இருந்தன. கண்டதைப் பிழை என ஒதுக்கலாம். நூலில் உள்ளபடி எழுதிவிடலாம். அல்லது கண்டது மெய்யாயின் அதற்குக் காரணம் யாது என்று தேடலாம். இராமன் மூன்றாவது வழியை மேற்கொண்டார்.

சோதனையை மீண்டும் மீண்டும் செய்தார், பட்டைகளின் அகலங்களை அளந்தார், கணக்கிட்டுப் பார்த்தார், முடிவைக் கட்டுரையாக எழுதினார். பேராசிரியரின் கருத்து வரக் காலம் தாழ்ந்தபோது, அக்கட்டுரையை இலண்டனிலிருந்து வெளிவந்த பிலாசஃபிக்கல் மேகசின் என்னும் ஆய்விதழுக்குத் தாமே அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 18. நீர்மத்துளியின் வளைவை அளந்து பரப்பு இழுவிசையைக் காணும் முறைபற்றிய அவரது அடுத்த கட்டுரையும் 1907இல் அவ்விதழிலேயே வெளிவந்தது. இரண்டும் அரிய கருவிகளால் விளைந்தவை அல்ல; கல்லூரி ஆய்வகத்தில் எல்லா மாணவரும் தொட்டுப் பழகிய கருவிகளால் விளைந்தவை.

கதவடைத்த காலம்

1907ஆம் ஆண்டு முதுகலைத் தேர்விலும் இராமனே முதல்வர். ஆயினும், இயற்பியலையே வாழ்வாகக் கொள்ள அன்றைய இந்தியாவில் வழி அரிது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்றால், அந்நாட்டுத் தட்பவெப்பத்தை அவருடைய மெலிந்த உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எஞ்சிய வழி அரசுப்பணி. நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம் பெற்றார். லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கொல்கத்தாவில் துணைத் தலைமைக் கணக்காளராகப் பணியேற்றார். பதினெட்டு வயது இளைஞருக்கு நல்ல ஊதியமும் உயர்ந்த மதிப்பும் தந்த பதவி அது. அவர் கற்ற இயற்பியல் அத்துடன் முடிந்திருக்கலாம். அத்தகைய முடிவை அன்று எவரும் குறைகூறியிருக்கமாட்டார்.

கொல்கத்தாவில் டிராம் வண்டியில் செல்லுங்கால், பௌபஜார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்பது அந்நிறுவனத்தின் பெயர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவியது. அங்கே ஆய்வகம் இருந்தது. அதில் ஆய்வு செய்வோர்தாம் அரியராய் இருந்தனர். இராமன் உள்ளே சென்றார், அனுமதி வேண்டினார், நிறுவனரின் மைந்தர் அமிர்தலால் மகிழ்வோடு வரவேற்றார்.

அன்றுமுதல் இராமனின் நாள் இரண்டாயிற்று. விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஆய்வகம் செல்வார். அலுவலக நேரத்துக்குச் சற்றுமுன் வீடு திரும்பி, நீராடி, உணவை விரைந்து முடித்து, பணிக்குச் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராக ஆய்வகம். வீடு சேர இரவு பத்து மணியாகும். விடுமுறை நாள்கள் முழுமையும் ஆய்வுக்கே. உதவியாளர் ஆசுதோஷ் டே கருவிகளை அமைத்துத் தந்து துணைநின்றார். பத்தாண்டுகள் இவ்வொழுங்கு தொடர்ந்தது. அலுவலகப் பணியிலும் அவர் குறைவைக்கவில்லை.

இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் அவர் பணிமாற்றம் பெற்றார். ஆய்வகம் எட்டாத தொலைவுக்குப் போயிற்று, ஆய்வு நிற்கவில்லை. 1910இல் தந்தையார் மறைந்தபோது விடுப்பில் சென்னை வந்தவர், கடமைகளை முடித்து, எஞ்சிய நாள்களில் மாநிலக் கல்லூரி ஆய்வகத்துக்குச் சென்றார். நேரம் வாய்த்தபின் கற்கலாம் என்று அவர் காத்திருந்ததில்லை. வாய்த்த நேரத்தைக் கல்விக்கு உரியதாக்கிக்கொண்டார்.

செவிக்குள் ஓர் ஆய்வகம்

இளமையில் கேட்ட வயலின் ஒலி இராமனை விட்டு நீங்கவில்லை. வயலின் நரம்பின் மீது வில் உராயும்போது நரம்பு எவ்வாறு அசைகிறது என்று ஆராய்ந்தார். வீணை, தம்புரா ஆகியவற்றின் ஒலிவளத்துக்குக் காரணம் தேடினார். மிருதங்கம் பற்றிய அவர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. தோல் போர்த்த முரசுகளில் எழும் மேற்சுரங்கள் பொதுவாக அடிப்படைச் சுரத்தோடு முழுஎண் விகிதத்தில் அமைவதில்லை. ஆதலின் ஒலி இசையாக ஒலிக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கரிய சோறு, தோலின் எடைப் பரவலை மாற்றுகிறது. அதனால் மேற்சுரங்கள் முழுஎண் விகிதத்துக்கு நெருங்கி வருகின்றன. ஒலி இனிமை பெறுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர் செவியால் கண்ட நுட்பத்தை இராமன் அளவீட்டால் மெய்ப்பித்தார்.

சுரமானியில் கம்பியின் அதிர்வை அளக்கும் மாணவரும் வீணை நரம்பை முறுக்கேற்றும் இசைவாணரும் ஒரே விதியைக் கையாள்கின்றனர். வகுப்பறை விதியை வெளியுலகப் பொருளில் காணும்போதுதான் அது மாணவரின் சொந்த அறிவாகிறது. இராமன் கண்ட பொருளிலிருந்து நூலுக்குச் சென்றார். நூலிலிருந்து மீண்டும் பொருளுக்கு வந்தார்.

1917இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தது. ஏற்றால் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உயர்பதவியும் ஒருபுறம், இயற்பியல் மறுபுறம். இராமன் தயங்காமல் அரசுப்பணியைத் துறந்தார். அதுவரை இரவையும் விடியலையும் கடன்வாங்கிக் கற்றவருக்கு, அன்றுமுதல் பகலும் உரிமையாயிற்று.

கடல் எழுப்பிய வினா

1921ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்ற இராமன், நார்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானின் நீலம் நீரில் எதிரொளிப்பதே கடலின் நீலம் என்பது பேரறிஞர் ராலே பிரபுவின் கருத்து. இராமன் இளமைமுதல் ராலேயின் நூல்களைப் போற்றிக் கற்றவர். ஆயினும், மதிப்பு வேறு, சான்று வேறு என்பதை அவர் அறிவார்.

அவரிடம் நிகோல் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவுக்கு உட்பட்டிருக்கும். அவ்வொளியை அப்பட்டகத்தால் தடுத்துவிடலாம். இராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். எதிரொளித்த வானம் மறைந்தது, நீலம் மறையவில்லை, முன்னினும் தெளிவாக ஒளிர்ந்தது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்பது உறுதியாயிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவு செய்தார். நீர் செந்நிற ஒளியை உட்கவர்வதும் அந்நீலத்துக்குத் துணைசெய்கிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது, நேச்சர் இதழுக்கு அனுப்பவேண்டிய ஆய்வுக்குறிப்பு அணியமாக இருந்தது.

சிறு ஒளிக்கீற்றின் பின்னே

கொல்கத்தா திரும்பிய இராமன், நீர்மங்களில் ஒளி சிதறுவதை மாணவர்களோடு ஆராய்ந்தார். 1923இல் அவர் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் இருக்கக்கூடாத நிறத்தில் மங்கிய ஒளிச்சுவடு ஒன்றைக் கண்டார். நீர்மத்தில் கலந்துள்ள மாசு காரணமாகலாம் என்று கருதி, அதனை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். மாசு நீங்கியது, சுவடு நீங்கவில்லை. முப்பட்டகத்தின்முன் அமர்ந்த மாணவப் பருவத்தில் எழுந்த அதே நிலை மீண்டும் எழுந்தது. பிழை என்று ஒதுக்குவதா? காரணம் தேடுவதா?

1928ஆம் ஆண்டு தொடக்கத்தில், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவரான கே. எஸ். கிருஷ்ணனும் இராமனும் பல்வேறு நீர்மங்களைக் கொண்டு தொடர்ந்து சோதித்தனர். பிப்ரவரி 28ஆம் நாள் பாதரச விளக்கின் ஒற்றைநிற ஒளியை நீர்மத்தின் வழியே செலுத்திச் சிறிய நிறமாலைநோக்கியால் பார்த்தபோது, படும் ஒளியின் கோட்டோடு வேறு அலைநீளமுள்ள கோடுகளும் தனித்துத் தோன்றின. மூலக்கூறுகளில் மோதும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அவற்றின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அவற்றிடமிருந்து பெற்றோ தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது என்பது விளங்கிற்று. இதுவே இராமன் விளைவு. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய கோடுகளைத் தருவதால், பொருளைச் சிதைக்காமல் இன்னது என அறிய இவ்விளைவு இன்று மருந்துத் துறை முதல் தொல்லியல் வரை பயன்படுகிறது. 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனை வந்தடைந்தது.

தெரிந்து தெளிவோம்

இராமன் விளைவு கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது. அதனை முழுமையான சொற்பொழிவாக இராமன் 1928 மார்ச் 16ஆம் நாள் வழங்கியது பெங்களூரில், தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில். கண்டறியப்பட்ட பிப்ரவரி 28ஆம் நாளே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆசிரியரும் கற்றவர்

1933இல் இராமன் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவ்வாண்டில் கமலா பகவத் என்னும் மாணவி, உயர்ந்த மதிப்பெண்களோடு ஆய்வில் சேர விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்தார். கமலா விட்டுக்கொடுக்கவில்லை, நேரில் வந்து வாதிட்டார். நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. ஓராண்டு அவருடைய உழைப்பைக் கண்ட இராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கமலா சோகோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர், கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளுக்குப்பின் இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்னா மணி, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் பதிவுசெய்தார். ஒரு பதிவுக்கே பதினைந்து மணிநேரத்துக்கு மேல் ஒளித்தகட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க நேர்ந்தது. பிற்காலத்தில் இந்திய வானிலைக் கருவியியலின் முன்னோடியாக அவர் விளங்கினார்.

எல்லா இடத்தும் இராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று சொல்ல இயலாது. படிகங்களின் அதிர்வுபற்றி மாக்ஸ் பார்ன் என்னும் அறிஞரோடு அவர் கொண்ட கருத்துப்போர் நெடுங்காலம் நீண்டது. பிற்கால ஆய்வுகள் பார்னின் பக்கமே நின்றன. பிறர் கூற்றை ஐயுறுவது எளிது. தம் கூற்றை ஐயுறுவது பெரியோர்க்கும் அரிது. இயற்பியல் கற்போர் இதனையும் அவர் வாழ்விலிருந்து அறிதல் வேண்டும்.

இறுதிச் சொற்பொழிவு

1948இல் இராமன் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அங்கே வைரங்களும் கனிமங்களும் சிப்பிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் காட்சிக்கு இருந்தன. பள்ளி மாணவர் வந்தால், அவற்றை எடுத்துக்காட்டி, நிறம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களையே சிந்திக்கத் தூண்டுவார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் காந்தியடிகள் நினைவாக அறிவியல் சொற்பொழிவு ஆற்றுவதை வழக்கமாகக் கொண்டார்.

1970ஆம் ஆண்டு அச்சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மனிதச் செவி ஒலியை உணரும் விதம். விசாகப்பட்டினத்து வீட்டில் வயலின் கேட்ட சிறுவனின் வினா, எண்பத்திரண்டு வயதை நெருங்கிய முதியவரிடத்தும் உயிரோடு இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் இராமன் இயற்கை எய்தினார். அவர் விரும்பியவாறே நிறுவனத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அங்கு நினைவுக்கல் இல்லை, ஒரு மரம் நிற்கிறது.

கண்டதைக் கண்டபடி குறித்தல், பொருந்தாததை மறைக்காதிருத்தல், காரணம் புலப்படும்வரை அளத்தல், அறிந்ததைத் தம் சொல்லில் எழுதுதல், நாள்தோறும் இடையறாது கற்றல் ஆகியவையே இராமன் கைக்கொண்ட நெறி. இவற்றுள் ஒன்றுக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மூக்கண்டப்பள்ளியின் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையிலெடுக்கும் மாணவர், தாம் எதிர்பார்த்த எண் வராதபோது அதனை அழிக்காமல் ஏட்டில் குறிப்பாராயின், மாநிலக் கல்லூரியில் முப்பட்டகத்தின்முன் அமர்ந்திருந்த அந்த இளைஞரின் அருகிலேயே அவரும் அமர்ந்திருக்கிறார் எனலாம்.

கற்பவை கற்றபின்

1. இயற்பியல் செய்முறை வகுப்பில் எதிர்பார்த்த விடைக்கு மாறாக வந்த அளவீடு ஒன்றைத் தேர்ந்து, அதற்கான காரணங்களைக் குழுவாக ஆராய்ந்து எழுதுக.

2. உங்கள் ஊர்ப் பட்டறையிலோ இசைக்கருவி செய்யுமிடத்திலோ பயன்படும் இயற்பியல் விதி ஒன்றைக் கண்டறிந்து வகுப்பில் எடுத்துரைக்க.

3. பாடநூலில் இந்த வாரம் கற்ற கருத்து ஒன்றை, சூத்திரம் எழுதாமல் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பக்க அளவில் விளக்குக.